அலமாரியை ஒளித்துவைத்தவர்கள்

வகைப்பாடு செத்துவிட்டது, தூக்கிப்போட ஆள் வராததுதான் பாக்கி என்ற தொனியில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. நூலகப் பட்டியல், பொருள்வாரிப் பகுப்பு, கலைக்களஞ்சிய வரிசை எல்லாம் காகிதத்துக்கு வந்த நோய்கள். இணையம் அவற்றைக் குணப்படுத்திவிட்டது. இனி எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கட்டும், வேண்டியதைத் தேடல் பெட்டி எடுத்துத் தரும் என்பது அதன் சாரம். முடிவில், பொது நூலகங்களில் பட்டியலிடும் பணியிடங்கள் காலியானால் நிரப்ப வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஸ்கேனர் வாங்குங்கள் என்று அரசுக்கு ஆலோசனையும் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த ஆலோசனை இல்லாதிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அரைகுறைக் கருத்துகள் இதழ்களில் வரத்தான் செய்யும். அடுத்தவர் பிழைப்பில் கைவைக்கும்போது பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில், இது அவருடைய கருத்தே அல்ல. 2005-இல் கிளே ஷெர்க்கி என்ற அமெரிக்கர் இதைச் சொன்னார். 2007-இல் டேவிட் வைன்பெர்கர் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். நூலகத்தில் புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும், அதனால் வகைப்பாடு வேண்டியிருந்தது. இணையத்தில் அலமாரியே கிடையாது, அதனால் வகை பிரிக்கும் நிபுணரும் தேவையில்லை. அவரவர் ஒட்டும் குறிச்சொற்கள் போதும் என்பது ஷெர்க்கியின் வாதம். சொன்ன காலத்தில் அது துணிச்சலான வாதம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்காமல் அதையே இன்று புதுச் சரக்காகக் கடை பரப்புவதை என்னவென்று சொல்வது?

நடந்ததைப் பார்ப்போம். ஷெர்க்கியின் சாட்சிக் கூண்டில் இருவர் நின்றார்கள். தோற்றவராக யாகூ விவரத் திரட்டு. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் இணையத்தளங்களைக் கையால் பிரித்து அடுக்கத் தொடங்கியது. 2014 இறுதியில் மூடப்பட்டது. இந்தச் சாவைக் கட்டுரையாளர் ஒரு பக்கத்துக்குக் கொண்டாடியிருக்கிறார். கொண்டாடட்டும். மரத்தின் கிளைகளாக எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போகும் முறை இணையத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் வென்றவராக நிறுத்தப்பட்ட டெலிஷியஸ் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குறிச்சொற்களால் அறிவை அடுக்கப்போவதாக 2003-இல் தொடங்கிய அந்தத் தளத்தை 2005-இல் அதே யாகூ வாங்கியது, 2011-இல் விற்றது, கைமாறிக் கைமாறி 2017-இல் பின்போர்டு என்ற போட்டியாளரிடம் போய்ச் சேர்ந்தது. அதோடு யாரும் அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் பூட்டப்பட்டது. ஒரு சாட்சி செத்ததைச் சொல்லி, இன்னொரு சாட்சி செத்ததை மறைப்பவரின் வழக்கை எந்த நீதிபதி ஏற்பார்?

இருவரும் போனபின் நின்றது கூகுள். “அலமாரி இல்லாமல் வென்ற நிறுவனம்” என்பது அதற்குக் கட்டுரையாளர் கொடுத்திருக்கும் பட்டம். 2010-இல் கூகுள் மெட்டாவெப் என்ற நிறுவனத்தை வாங்கியது. மெட்டாவெப்பின் சொத்து ஃப்ரீபேஸ்: உலகத்தில் உள்ள ஆட்கள், ஊர்கள், நூல்கள், படங்கள் எல்லாவற்றையும் ‘இது இன்ன வகை’ என்று பிரித்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைப் பதிந்துவைத்த தரவுத்தளம். 2011-இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் சேர்ந்து, இணையப் பக்கங்கள் தம்மைப் பற்றி எந்தெந்த வகைப் பெயர்களில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பொதுச் சொல்தொகுதி வெளியிட்டன. 2012-இல் கூகுளின் அறிவு வரைபடம் வந்தது. இன்று காந்தி என்று தேடினால் பக்கத்தில் ஒரு பெட்டி வருகிறதே, பிறப்பு, இறப்பு, துணைவி, நூல்கள் என்று? அது அந்த வரைபடத்திலிருந்து வருவது. அதே 2012 அக்டோபரில் விக்கித்தரவு பிறந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒவ்வொன்றும் எதன் வகை என்று ஒரு கூற்று. ஆக, அலமாரி வேண்டாம் என்று நிரூபித்ததாகச் சொல்லப்படும் நிறுவனம் காசு கொடுத்து அலமாரி வாங்கியிருக்கிறது. வாங்கியதைக் கண்ணில் படாத அறையில் வைத்திருக்கிறது. கண்ணில் படாததால் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார் நம் கட்டுரையாளர்.

அடுத்து, புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்கும் என்ற வாதம். நூலகத்துக்குள் போய்ப் பல காலம் ஆன ஒருவரால்தான் இதை இவ்வளவு தெம்பாக எழுத முடியும். புத்தகம் ஓரிடத்தில் நின்றது. அட்டை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஒன்றோ நான்கோ, ‘இதையும் காண்க’ என்று வேறு சில. காகிதத்தால் வரும் முட்டுக்கட்டையைக் காகிதத்தைக் கொண்டே உடைத்தவர்கள் நூலகர்கள். இணைப்புச் சுட்டி என்று இன்று நாம் வியக்கும் விஷயத்தின் வேலையை அந்த இழுப்பறைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துகொண்டிருந்தன.

ரங்கநாதனை அவர் தொட்டிருக்கவே வேண்டாம். “அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியவர்” என்று ஒரு வாக்கியத்தில் கடந்திருக்கிறார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்வதைப் பார்த்தார். அறிவையும் அப்படிப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் விதை அது. மெல்வில் டியூயியின் 1876 பகுப்பு எல்லா அறிவுக்கும் முன்கூட்டியே பெட்டிகளைத் தயாரித்து வைத்தது. ரங்கநாதன் முழுப் பெட்டிகளைத் தயாரிக்கவில்லை, முகங்களைத் தயாரித்தார். எதைப் பற்றியது, அதன் எந்தக் கூறு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பிரித்துவைத்து, நூல் வரும்போது வேண்டியவற்றைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். நூலகவியல் வகுப்பில் சொல்லும் பழைய உதாரணம் ஒன்று உண்டு: 1950-இல் இந்தியாவில், நுரையீரல் காசநோயை எக்ஸ்-ரே கொண்டு குணப்படுத்துவது பற்றிய ஆய்வு. மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்-ரே, ஆய்வு, இந்தியா, 1950 எல்லாம் ஒரே குறியீட்டில் அடுத்தடுத்து நிற்கும். எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் நூல் கையில் வரும்.

கட்டுரையாளர் இணையத்தில் புடவை வாங்கியிருப்பார், இல்லையென்றால் அவர் வீட்டில் யாராவது வாங்கியிருப்பார்கள். பட்டா பருத்தியா, என்ன நிறம், எந்த ஊர் நெசவு, என்ன விலைக்குள் என்று இடதுபக்கம் கட்டங்களைத் தட்டத் தட்ட, ஆயிரக்கணக்கான புடவைகள் இருபதாகக் குறையும். தகவல் அமைப்பை வடிவமைப்பவர்கள் இதைப் பன்முகப் பகுப்பு என்பார்கள். இந்தச் சிந்தனை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் முதலில் சொல்லும் பெயர் ரங்கநாதனுடையது. மனிதர் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. கட்டுரையாளரின் கைப்பேசிக்குள் போயிருக்கிறார்.

இனி தமிழுக்கு வருகிறேன், ஏனென்றால் அவரும் வந்திருக்கிறார். நிகண்டு பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கியது, அகராதி வந்ததும் அது செத்தது, ஆகவே வகைப்பாடு தோற்பது நம் வரலாற்றிலேயே நடந்ததுதான் என்கிறார். திவாகரம் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களை வைத்தது உண்மை. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் எழுத்து வரிசையைக் கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் அது ஏன் சதுரகராதி என்று அவர் ஒரு முறையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகள் அதில் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைச் சொல்லும் நிகண்டின் வேலையும், தொகைப்பெயர்களை விரித்துச் சொல்லும் வேலையும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. வீரமாமுனிவர் நிகண்டைக் கொல்லவில்லை, குடிவைத்தார்.

அகராதிக்குள்ளும் ஒருவர் முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும். மரத்தை, மரத்தில், மரங்கள், மரமும் என்று வருவதையெல்லாம் மரம் என்ற ஒரு தலைச்சொல்லின்கீழ் வைப்பது எழுத்து வரிசை செய்யும் காரியமல்ல, இலக்கணம் தெரிந்தவர் செய்வது. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடலில் ‘மரம்’ என்று இட்டுப் பாருங்கள். ‘மரத்தடியில் உட்கார்ந்தான்’ என்ற வரி வராது. மகரம் கெட்டு அத்துச் சாரியை ஏறியது இயந்திரத்துக்குத் தெரியாது. பெரிய தேடுபொறிகள் இதில் ஓரளவு தேறியிருக்கின்றன. தமிழ்ச் சொல்லின் நடத்தை அவற்றுக்கு ஏதோ ஒரு வழியில் புகட்டப்பட்டதால் தேறின. சும்மா குவிந்துகிடந்ததால் தேறவில்லை. பல மின்னூல் தொகுப்புகளின் உள்தேடல் இன்னும் தேறவே இல்லை.

வரிசை என்பதே காகிதத்தின் சிறை என்றும் எழுதியிருக்கிறார். அகநானூற்றைத் திறந்து பார்க்கட்டும். நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண் என்றால் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி. நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். 27-ஆம் பாட்டு என்று சொன்னாலே, ஒரு அடிகூடப் படிக்காமல் பிரிவைப் பற்றியது என்று தெரிந்துவிடும். உருத்திரசன்மன் தொகுத்தார் என்பது மரபு; யார் செய்திருந்தாலும், எண்ணுக்குள்ளேயே பொருளைப் பதித்துவைத்த ஆள் அவர். நானூறில் சரிபாதியைப் பாலைக்குக் கொடுத்தது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஏற்கலாம், மறுக்கலாம், அதைப் பற்றி ஆய்வேடு எழுதலாம், ஏனென்றால் அது வெளிப்படையாக இருக்கிறது. நானூறு பாட்டையும் கலைத்துக் குவித்துத் தேடல் பெட்டியிடம் ஒப்படைத்தால் ‘யானை’ வரும் பாட்டுகள் கிடைக்கும், சந்தேகமில்லை. இந்தத் தீர்ப்பு கிடைக்காது.

பெயர் விவகாரத்தை அவர் ஒரு சொல்லிலும் தொடவில்லை. தொட்டிருந்தால் கட்டுரை அங்கேயே நின்றிருக்கும். உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், சாமிநாதய்யர், உ.வே.சா. இவையெல்லாம் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். ரோமன் எழுத்தில் இன்னும் அரை டஜன் வடிவங்கள் உண்டு. இதாவது எழுத்துப் பிரச்சினை. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாக எழுதினார், சொ.வி.யாக எழுதினார், ரசமட்டமாக எழுதினார், வேளூர் கந்தசாமிப் பிள்ளையாகக் கவிதை எழுதினார். ரசமட்டம் என்ற எழுத்துகளுக்கும் புதுமைப்பித்தன் என்ற எழுத்துகளுக்கும் இடையே எந்த ஒற்றுமையும் இல்லை. எவ்வளவு வேகமான கணினியும் அவற்றை ஒப்பிட்டு ஒருவர் என்று கண்டுகொள்ளாது. பழைய இதழ்களைப் புரட்டிய யாரோ ஒருவர், இது அவர்தான் என்று சான்றோடு எழுதிவைக்க வேண்டும். பட்டியலாளர் அதைப் பெயர்க் கோப்பில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் தேடல் பெட்டி அறிவாளிபோல் நடந்துகொள்ளும்.

எழுத்துருக் கதை இன்னும் சோகம். யூனிகோடு பரவுமுன் தமிழ் இணையம் டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் இயங்கியது. பாமினியில் தட்டிய பக்கத்தின் அடியில் இருப்பவை ரோமன் எழுத்துகள். இன்றைய தேடலுக்கு அது தமிழே அல்ல. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டதால் அவை தப்பின. அப்படி மாற்ற ஆளில்லாத பக்கங்கள் இணையத்தில் இருந்தும் இல்லாதவை. இவற்றை எந்தக் குவியலில் தேடுவார் கட்டுரையாளர்?

தேடலின் வரிசை மக்களாட்சித்தன்மை உடையது, யாருடைய சார்பும் அற்றது என்று ஒரு பத்தி வருகிறது. சார்பு என்றதும் டியூயியை இழுத்துவருகிறார். இங்கே அவர் சொல்வது முற்றிலும் சரி. டியூயி பகுப்பில் மதத்துக்கு ஒதுக்கிய 200 முதல் 299 வரையில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு. இந்து, பௌத்த, சமண, இஸ்லாமிய, யூத மதங்களெல்லாம் 290-களில் ஒண்டுக்குடித்தனம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புகளில் ‘சட்டவிரோத அந்நியர்கள்’ என்ற தலைப்பு பல்லாண்டு இருந்தது. 2014-இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள், அரசியல்வாதிகள் குறுக்கே விழுந்தார்கள், கடைசியில் 2021-இல் அது மாறியது. இதைச் சொல்லித்தான் அவர் வகைப்பாட்டைக் கண்டிக்கிறார். எனக்கு இதில் நேர்மாறான செய்தி தெரிகிறது. அந்தச் சார்பு அச்சில் இருந்தது. எண்ணைச் சுட்டிச் சண்டைபோட முடிந்தது. மாணவர்கள் மனு கொடுக்க ஓர் அலுவலகம் இருந்தது.

தேடல் முடிவில் நான்காம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டவர் யாரிடம் மனு கொடுப்பார்? விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எச்சரித்தவர்கள் செர்கே பிரின்னும் லாரி பேஜும், 1998-இல், தங்கள் தேடுபொறியை அறிமுகப்படுத்திய அதே ஆய்வுக்கட்டுரையில். பிறகு அவர்கள் விளம்பரத்தில்தான் பணம் பார்த்தார்கள். 2017-இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது, தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையைத் தேடல் முடிவில் மேலே தூக்கிவைத்ததற்காக. 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். கருவிகளிலும் உலாவிகளிலும் தன் தேடலே முதலில் நிற்க, 2021-இல் மட்டும் அந்நிறுவனம் கொடுத்தது 2,630 கோடி டாலர் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. சார்பற்ற குவியலுக்கு இவ்வளவு வாடகை ஏன் என்று கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் தேடக்கூட வேண்டாம், கேட்டால் போதும் என்று கடைசியில் ஒரு வெடியைப் பற்றவைத்திருக்கிறார். 2023-இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி சொன்னதை நம்பி, இல்லாத ஆறு தீர்ப்புகளை மேற்கோள்காட்டி வழக்கறிஞர்கள் மனு தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பொய் எப்படிப் பிடிபட்டது? தீர்ப்புகளுக்குத் தொகுதி எண், பக்க எண் என்று ஒரு வரிசை இருக்கிறது. எதிர்த்தரப்பு அந்த வரிசையில் தேடியது. அந்த இடத்தில் அப்படியொரு தீர்ப்பு இல்லை. எல்லாம் ஒரே குவியலாக இருந்திருந்தால், ‘இல்லை’ என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

ஸ்கேனர் ஆலோசனைக்கு வருகிறேன். உலகத்திலேயே மிகப்பெரிய ஸ்கேனர் திட்டத்தைக் கூகுள் 2004-இல் அறிவித்தது. கோடிக்கணக்கான புத்தகங்கள். 2009-இல் மொழியியலாளர் ஜெஃப்ரி நன்பர்க் அதில் புகுந்து பார்த்தார். சார்லஸ் டிக்கன்ஸ் பிறந்தது 1812-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அச்சானதாகக் காட்டிய நூல்களில் அவர் பெயர் நூற்றுக்கு மேற்பட்ட தடவை வந்தது. இணையம் என்ற சொல் 1950-க்கு முந்தைய நூல்களில் நூற்றுக்கணக்கில் கிடைத்தது. நாவல்கள் விசித்திரமான பொருள்களின்கீழ் கிடந்தன. ஒரு சொல் முதலில் எப்போது வந்தது என்று தேடும் ஆய்வாளருக்கு நூலின் ஆண்டு தவறாக இருந்தால், பக்கம் எவ்வளவு தெளிவாக ஸ்கேன் ஆகியிருந்து என்ன பயன்? பணத்துக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. நூல் விவரத்தைச் சரிபார்க்கும் வேலை பின்னுக்குப் போனதுதான் காரணம்.

நம் ஊரில் இது இன்னும் மோசமாக முடியும். 1930-களின் தமிழ் இதழ்களைப் படமாக எடுத்துப் போட்டால் அவை வெறும் படங்களே. தொகுதி எண், இதழ் எண், தமிழ் ஆண்டுக்கு நேரான ஆங்கில ஆண்டு, யார் எந்தப் புனைபெயரில் எழுதினார் என்ற விவரம் எதுவும் படத்திலிருந்து தானாக எழுந்து வராது. பிரபவ ஆண்டு 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது, 1987-இலும் வந்தது. முகப்பில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் போட்ட சிறு பிரசுரம் இதில் எதைச் சேர்ந்தது என்பதை அச்செழுத்தையும் தாளையும் அச்சகப் பெயரையும் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் கட்டுரையாளர் வேலைக்கு வைக்க வேண்டாம் என்கிறார்.

1948-இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தபோது வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அதன் பின்னால் ரங்கநாதனின் பல்லாண்டு முயற்சி இருந்தது. கட்டுரையாளருக்குச் சொந்த வீடு இருந்தால் அவரும் அந்த வரியைக் கட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பணம் ஸ்கேனருக்கும் போகட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஸ்கேன் செய்த தாளின்மேல் ஆண்டையும் பெயரையும் எழுதப்போவது யார் என்று அடுத்த இதழில் அவர் சொல்லட்டும்.